வெள்ளிக்குப் பதில் வெள்ளரி

நோட்டுப் புத்தகத்தில் ஆ லெக் பெயருக்கு நேரே
நாற்பத்தாறு வெள்ளி எண்பது காசு.
மூன்று மாதச் சோறு,
அதில் இரண்டு முறை மீன் தலை.

திங்கள் காலை மழை விடுமுன்
மோட்டார் சைக்கிளைக் கடை வாசலில் சாய்த்து
இரண்டு சாக்கை இறக்கினான்.
"சுங்கைப்பட்டாணிக்காரன் வேண்டாம்னுட்டான், அக்கா.
எல்லாம் கோணலாம்.
பெட்டிக்குள்ள படுக்காதாம்."
கடனுக்கா, சும்மாவா என்று நான் கேட்கவில்லை.
கேட்டால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

பிரித்துக் கொட்டினேன்.
காது போல் ஒன்று, கொக்கி போல் ஒன்று,
தன் வாலைத் தானே முகர்வது போல் ஒன்று.
தோலில் இன்னும் முள்.
இந்தப் பாடாங் செராயில் எண்ணெய் மில்லின் வாடை
எல்லாவற்றின் மேலும் உட்காரும்,
உலர்ந்த துணியில், வடித்த சோற்றில்,
கோயில் சந்தனத்தில்கூட.
நறுக்கிய வெள்ளரியில் மட்டும்
அதற்கு உட்காரத் தெரியவில்லை.

தலையை அரிந்து
அரிந்த வில்லையாலேயே வெட்டுவாயைத் தேய்க்க வேண்டும்.
வெள்ளையாய் நுரை கட்டும்.
கசப்பு அதோடு போய்விடும்.
பக்கத்துக் கடை கக் ஸைத்தோனும் அப்படித்தான் தேய்க்கிறாள்,
ஆ லெக்கின் பெண்டாட்டியும்.
போகிறதா என்று ஒருவரும் சோதித்ததில்லை.
தேய்க்காமலும் ஒருவரும் இருந்ததில்லை.

முதல் நாள் மோர்க்குழம்பு.
தேங்காய், சீரகம், பச்சை மிளகாய்,
தயிர் திரியாதபடி தீயைத் தணித்து
காய் கண்ணாடியாகும் வரை பக்கத்திலேயே நின்றேன்.
லோரிக்காரர்கள் விரலை நக்கினார்கள்.
மறுநாள் பாசிப்பருப்புக் கூட்டு வைத்தபோது
"இன்னைக்குமா?" என்றார்கள்.
அன்னாசியும் காடியும் சேர்த்து ஆச்சார் போட்டேன்.
மில் ஃபிட்டர் அருள்தாஸ்
சம்பாலைக் கரண்டியால் கிளறிப் பார்த்தார்,
அதற்குள்ளும் ஒளித்திருக்கிறேனா என்று.
ஒளித்துத்தான் இருந்தேன்.

புதன் இரவு கடை அடைக்கும் நேரம் ரஃபிகுல் வந்தான்.
சோறு, முட்டை, காசு:
இந்த மூன்று சொல்லுக்கு மேல் பேசாத பங்களாப் பையன்.
சாக்கைப் பார்த்தபடி நின்றான்.
"சின்ன ஊடாங் இருக்கா?"
ஒரு பிடி இருந்தது.
கத்தியை என்னிடமிருந்து வாங்கி
விரல் பருமனுக்கு நறுக்கினான்.
வெங்காயம், மஞ்சள், இறால், காய். மூடி.
தண்ணீர்ச் செம்பை எடுத்தேன், கையை நீட்டித் தடுத்தான்.
"அதுவே விடும்."
விட்டது.
தன் தண்ணீரில் தானே வெந்தது.
பெஞ்சுகளைக் கவிழ்த்து வைத்தாகிவிட்டது,
நின்றபடியே தின்றோம்.
இனிப்பு என்றும் சொல்ல முடியாது, கடல் என்றும்.
அவன் வீட்டுக்குப் போன் போட்டுச் சட்டியைக் காட்டினான்.
அந்தப் பக்கம் ஒரு பெண்
நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

சனிக்கிழமை ஆ லெக் வந்து உட்கார்ந்தான்.
சோற்றின் ஓரம் ஆறு துண்டு வைத்தேன்.
கரண்டியால் தட்டின் விளிம்புக்குத் தள்ளினான்.
"நான் தீமூன் சாப்பிட மாட்டேன், அக்கா."
"சின்னதிலேர்ந்தா?"
"விதை போட்டதிலேர்ந்து."

"ஏன்டா கோணலாச்சு?" என்றேன், சும்மா.
"பிஞ்சுல தண்ணி பத்தலேன்னா வளையும்.
பிப்ரவரி வெயில்ல குழாய் மாத்தணும்,"
சோற்றைப் பிசைந்தான்,
"மாத்தல."
அதற்கு மேல் அவனும் சொல்லவில்லை.
பிப்ரவரி. நோட்டில் அவன் பெயர் தொடங்கிய மாதம்.

அவன் போன பின் சாக்கை உதறினேன்.
அடியில் கடைசியாய் ஒன்று, பாதி மஞ்சளாய்.
அரிந்தேன், தேய்த்தேன், நுரை வந்தது.
கடித்தேன்.
கசந்தது.
முழுவதையும் தின்றேன்.

நாற்பத்தாறு எண்பதை அடித்து
மேலே 'வெள்ளரி' என்று எழுதினேன்.
கீழே புதிய வரியில்,
ஆ லெக்: மீன் தலை, ஒன்று.